தோஹாவில் ஓடிய இருவர்: பெண்கள் தடகளத்தில் தகுதியும் சோதனையும்

1. கேள்வி

2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். சில நாட்களில் அவர் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்ற செய்தி வெளியானது. பதக்கம் பறிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று அதே தோஹாவில், அதே 800 மீட்டரில், திருச்சி அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 நொடியில் ஓடி ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம் வென்றார். அந்தப் பதக்கமும் பறிபோனது. காரணம் ஊக்கமருந்து.

இருவரும் காவிரிக்குத் தெற்கே மதுரை வரை விரிந்து கிடக்கும் சமவெளியின் பிள்ளைகள். சாந்தியின் பெற்றோர் செங்கல் சூளையில் உழைத்தவர்கள். கோமதி விவசாயக் குடும்பத்துப் பெண். இருவர் பதக்கங்களும் ஒரே ஊரில் வெல்லப்பட்டு, பிறகு பறிக்கப்பட்டன. ஆனால் பறித்த முறை ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெண்கள் பிரிவில் யார் போட்டியிடலாம் என்பது இன்று உலகெங்கும் திருநங்கையரை முன்வைத்தே கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இக்கேள்வி முதலில் எழுந்தது ஒரு திருநங்கையை முன்னிட்டு அல்ல. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே ஓடிய ஒருவரை முன்னிட்டு. யாரை அனுமதிப்பது என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். யார், எந்த முறைப்படி, எந்தச் சான்றை வைத்துத் தீர்மானிப்பது என்று பேசவே இல்லை. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காணாமல் முதலாவதற்கு என்ன விடை சொன்னாலும் அது அநீதியில்தான் முடியும் என்பது என் வாதம்.

2. பெண்கள் பிரிவு எதற்காக

திருநங்கையர் உரிமைகளுக்காக நிற்பவர்கள் சிலர், விளையாட்டில் நியாயம் பற்றிய பேச்சையே வெறுப்பின் முகமூடி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஓட்டப் போட்டிகளில் உச்சநிலை ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதம் வேறுபாடு இருக்கிறது. 800 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை 1 நிமிடம் 40.91 நொடி, பெண்கள் சாதனை 1 நிமிடம் 53.28 நொடி. பருவ வயதுக்கு முன் சிறுவர் சிறுமியருக்கிடையே இந்த இடைவெளி மிகக் குறைவு. பருவமடையும்போது ஆணுடலில் டெஸ்டோஸ்டீரோன் பல மடங்கு உயர்ந்து எலும்பு, தசை, ரத்தச் சிவப்பணு எல்லாவற்றையும் மாற்றுகிறது. தனிப் பிரிவு இல்லையென்றால் எந்தப் பெண்ணும் ஒலிம்பிக் ஓட்டப் போட்டிகளின் இறுதிச் சுற்றைத் தொட முடியாது. 1984 லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா நூறில் ஒரு நொடி வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தார். நூறில் ஒரு நொடி வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடத்தில் பத்து சதவீதத்தைச் சிறிய விஷயம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்வோம். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்து அவரை வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்தார். லேடி டோக் கல்லூரியில் படிப்பு, பிறகு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வேலை, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம். ஓடுதளத்தில் அவர் முந்திய ஒவ்வொரு நொடிக்கும் பின்னால் ஒரு சான்றிதழ், அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு கல்லூரி இடம், அதற்குப் பின்னால் ஒரு அரசு வேலை. நம் ஊர்களில் பெண்கள் பிரிவு என்பது பதக்க மேடை மட்டுமல்ல, வீட்டுக்கு வரும் சம்பளம். அதை யார் பங்கிட்டுக்கொள்வது என்று போட்டியிடும் பெண்கள் கவலைப்படுவதில் தவறேதும் இல்லை.

ஆனால் இந்தப் பிரிவின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். அந்த உடல்கள் அவ்வளவு தூரம் தாங்காது என்று முடிவு கட்டி அந்தப் போட்டியையே நீக்கினார்கள். 1960 ரோமில்தான் அது திரும்ப வந்தது. சாந்தியும் கோமதியும் ஓடிய தூரம் அது. பெண்ணால் அது முடியாது என்ற சந்தேகம் முதலில் வந்தது. முடித்துக் காட்டிய பிறகு இவள் பெண்தானா என்ற சந்தேகம் வந்தது.

3. மூவரை ஒருவராக்கும் குழப்பம்

பொதுவிவாதத்தில் மூன்று வகையினர் ஒரே பெயரில் அழைக்கப்படுகிறார்கள். பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டு, பின்னர் தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழும் திருநங்கையர் ஒரு வகை. ஊடுபால் உடலியல்பு கொண்டவர்கள் வேறு: குரோமோசோம், சுரப்பி, உறுப்பு ஆகியவற்றில் பிறவியிலேயே வழக்கமான ஆண் பெண் அமைப்பிலிருந்து மாறுபட்டவர்கள்; பலருக்கு அது இளமை வரை தெரிவதே இல்லை. மூன்றாவது வகையில் எந்த மாறுபாடும் கிடையாது. தோள் அகலமாக, குரல் கனமாக, முடி குட்டையாக இருப்பதால் மட்டும் சந்தேகிக்கப்படும் பெண்கள் அவர்கள்.

சாந்தியைப் பற்றி எழுதிய பல நாளிதழ்கள் அவரை ஆண் என்றன; சில திருநங்கை என்றன. இரண்டும் பொய். அவருடைய உடல்நிலை என்று ஊடகங்கள் வெளியிட்ட மருத்துவப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருக்கே முறையாக விளக்கப்படாத ஒன்றை ஊர் முழுவதும் படித்தது என்பதே அந்த அநீதியின் மையம்.

குழப்பம் இன்றும் தீரவில்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹெப்டத்லானில் நான்காம் இடம் பெற்ற இந்திய வீராங்கனை, தனக்கு முன்னால் வெண்கலம் வென்ற சக இந்திய வீராங்கனையைத் 'திருநங்கை' என்று சமூக ஊடகத்தில் குறிப்பிட்டார். பிறகு பதிவை நீக்கினார். வென்றவர் மீது எந்த அமைப்பும் எந்த விதிமீறலும் சாட்டவில்லை. ஒரு மாநிலத்துப் பெண் இன்னொரு மாநிலத்துப் பெண்ணின் வெற்றியைச் செல்லாக்காசாக்க அந்த ஒற்றைச் சொல் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. இதில் இரட்டை இழப்பு: விளையாட்டு வீராங்கனைக்கு அவமானம், 'திருநங்கை' என்பதையே வசைச்சொல்லாக்கியதால் திருநங்கையருக்கும் அவமானம்.

4. சோதனைகளின் பாதை

1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன் ஆடையின்றி நிறுத்தப்பட்டார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து கன்னத்தின் உட்புறத்திலிருந்து செல்களை எடுத்துக் குரோமோசோம் பார்க்கும் சோதனை வந்தது. கண்ணியமானது என்று வரவேற்கப்பட்ட இச்சோதனைதான் 1985இல் ஸ்பெயின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோவை வீழ்த்தியது. அவருக்கு எக்ஸ் ஒய் குரோமோசோம் இருந்தது. ஆனால் அவர் உடல் டெஸ்டோஸ்டீரோனுக்குப் பதிலளிக்காத உடல். அதாவது அந்த ஹார்மோனால் அவருக்கு ஓட்டத்தில் எந்த உதவியும் இல்லை. பதக்கங்கள், உதவித்தொகை, நண்பர்கள் எல்லாம் போயின. போராடி 1988இல் தகுதியை மீட்டார்.

1996 அட்லாண்டாவில் 3,387 வீராங்கனைகள் சோதிக்கப்பட்டதில் 8 பேருக்கு ஆண் குரோமோசோம் குறி தென்பட்டது. எண்மரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். சோதனை எதைக் கண்டுபிடிக்கவென்று வந்ததோ, பெண் வேடமிட்ட ஆணை, அப்படி ஒருவரையும் அது பிடிக்கவில்லை. சர்வதேசத் தடகள சம்மேளனம் 1992இலும், ஒலிம்பிக் குழு 1999இலும் எல்லோரையும் சோதிக்கும் வழக்கத்தைக் கைவிட்டன. சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற கதவு மட்டும் திறந்தே இருந்தது. சாந்தி அந்தக் கதவு வழியாகத்தான் தள்ளப்பட்டார்.

சாந்தி ஓடிய அதே 2006இல் சர்வதேசத் தடகள சம்மேளனம் வெளியிட்ட கொள்கை ஆவணம், எந்தெந்தப் பிறவி நிலைகள் இருந்தாலும் ஒரு பெண் போட்டியிடலாம் என்று பட்டியலிட்டிருந்தது. டெஸ்டோஸ்டீரோன் போன்ற ஆண்ட்ரோஜன்களுக்கு உடல் பதிலளிக்காத நிலையும் அப்பட்டியலில் இருந்தது. ஆக, ஒரு குரோமோசோம் முடிவு மட்டுமே ஒருவரை வெளியேற்றப் போதாது என்பதுதான் அன்றைய விதி. அந்த விதியைச் சாந்தியின் சார்பில் எடுத்துச் சொல்ல அவரை அனுப்பிய எந்த அமைப்பும் முன்வரவில்லை.

பிறகு ஹார்மோன் காலம். 2009இல் பெர்லினில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா 800 மீட்டரை 1 நிமிடம் 55.45 நொடியில் ஓடியதையொட்டி எழுந்த புயலுக்குப் பின், 2011இல் லிட்டருக்கு 10 நானோமோல் என்று டெஸ்டோஸ்டீரோன் வரம்பு வந்தது. 2014இல் ஒடிசாவின் துத்தி சந்த் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குப் புறப்படும் முன் நீக்கப்பட்டார். அவர் சும்மா இருக்கவில்லை. இந்திய விளையாட்டு ஆணையத்தின் துணையோடு லொசான் நகரிலுள்ள விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அந்த ஹார்மோன் தரும் அனுகூலம் எவ்வளவு என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி 2015 ஜூலையில் தீர்ப்பாயம் விதியை நிறுத்திவைத்தது. 2018இல் வரம்பு 5 நானோமோலாகி, 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான போட்டிகளுக்கு மட்டும் திரும்ப வந்தது. 2019 மே 1 அன்று செமென்யா அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்தது. அவருக்கு முறையான நீதிமன்ற விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2025 ஜூலையில் கூறியது.

2023 மார்ச்சில் உலகத் தடகள அமைப்பு (முன்னைய சர்வதேசத் தடகள சம்மேளனம்), ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கையரைப் பெண்கள் பிரிவிலிருந்து விலக்கியது. ஊடுபால் வீராங்கனைகளுக்கு எல்லாப் போட்டிகளிலும் 2.5 நானோமோல் வரம்பு வைத்தது. 2025 செப்டம்பர் 1 முதல், உலகப் போட்டியில் ஓடும் ஒவ்வொரு பெண்ணும் வாழ்நாளில் ஒருமுறை எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணுவுக்கான சோதனை செய்துகொள்ள வேண்டும். சுற்றிச் சுழன்று 1968க்கே வந்து சேர்ந்திருக்கிறோம். அந்த மரபணுவை 1990இல் கண்டறிந்த குழுவில் இருந்த ஆண்ட்ரூ சின்க்ளேர், அது இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டும், உடலில் அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டாது என்று கூறி இந்தப் பயன்பாட்டை எதிர்க்கிறார்.

5. ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன

திருநங்கையர் குறித்த ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை சில. எம்மா ஹில்டன், டாமி லுண்ட்பெர்க் ஆகியோரின் 2021ஆம் ஆண்டுக் கட்டுரை, டெஸ்டோஸ்டீரோனை ஓராண்டு அடக்கிய பிறகும் தசையளவு ஐந்து சதவீதம் அளவுக்கே குறைகிறது என்று தொகுத்துச் சொன்னது. அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய திருநங்கையரின் உடற்தேர்வுப் பதிவுகளை ஆராய்ந்த ராபர்ட்ஸ் குழு, இரண்டாண்டு ஹார்மோன் சிகிச்சைக்குப் பின் தண்டால் எண்ணிக்கையில் வேறுபாடு மறைந்தது, ஓட்டத்தில் மட்டும் 12 சதவீத முந்துதல் நீடித்தது என்று கண்டது. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிதியுதவியில் 2024இல் வெளியான ஆய்வு, பயிற்சி பெற்ற திருநங்கையரின் கைப்பிடி வலிமை மற்றப் பெண்களைவிடக் கூடுதல், ஆனால் தாவும் உயரமும் உடல் எடைக்கேற்ற ஆக்சிஜன் திறனும் குறைவு என்றது. அதில் பங்கேற்ற திருநங்கையர் 23 பேர் மட்டுமே.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: ஆண் பருவ வளர்ச்சி தந்த அனுகூலத்தின் ஒரு பகுதி ஹார்மோன் சிகிச்சைக்குப் பின்னும் நிற்கிறது என்பதற்கு வலுவான அடையாளம் இருக்கிறது. எவ்வளவு நிற்கிறது என்பது போட்டிக்குப் போட்டி மாறுகிறது. எடை தூக்குதலுக்குச் சொன்னதை நீள் ஓட்டத்துக்கோ, அம்பெய்தலுக்கோ, சதுரங்கத்துக்கோ அப்படியே சொல்லிவிட முடியாது.

ஊடுபால் பெண்களைப் பற்றிய சான்று இன்னும் தளர்வானது. 2018ஆம் ஆண்டு ஹார்மோன் வரம்புக்கு அடித்தளமாக இருந்த பெர்மோன், கார்னியே ஆய்வு 2017இல் வந்தது. டெஸ்டோஸ்டீரோன் கூடுதலாக உள்ள பெண்கள் 800 மீட்டரில் 1.78 சதவீதம் முந்துவதாக அது கணக்கிட்டது. 2021இல் அதே இதழில் ஒரு திருத்தம் வெளியானது: அந்த முடிவுகளைக் காரணகாரியத் தொடர்புக்கான உறுதியான நிரூபணமாகக் கொள்ளக் கூடாது என்று. அதற்குள் பலருடைய ஓட்ட வாழ்வு முடிந்திருந்தது.

தனி ஒருவர் ஓடிய நேரத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சாந்தியின் 2:03.16 நொடி, டின்டு லூக்கா 2010இல் நிறுவிய தேசிய சாதனையான 1:59.17ஐவிட நான்கு நொடி பின்தங்கியது. ஆகவே அவருக்கு அனுகூலமே இல்லை என்று அவருடைய ஆதரவாளர்கள் வாதிடுவார்கள். அந்த வாதம் செல்லாது. அனுகூலம் உள்ளவரும் மெதுவாக ஓடலாம். அதே தர்க்கம் எதிர்ப்பக்கமும் பொருந்தும். பெண்கள் பிரிவில் வெளிப்படையாகப் போட்டியிட்ட திருநங்கையான நியூசிலாந்தின் லாரல் ஹப்பார்ட் டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று முயற்சியிலும் எடையைத் தூக்க முடியாமல் வெளியேறினார். அதனால் கேள்வி தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எங்கோ ஒரு திருநங்கை ஒரு பந்தயத்தில் வென்றார் என்பதற்காகப் பெண்கள் விளையாட்டே அழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

6. கோமதிக்கு இருந்தது, சாந்திக்கு இல்லாதது

ஊக்கமருந்துச் சோதனை எப்படி நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஓடி முடித்தவரிடம் சோதனை அறிவிப்பு நேரில் தரப்படுகிறது; அவர் கையொப்பமிடுகிறார். சீல் வைத்த பெட்டிகள் பல வைக்கப்பட்டிருக்க, அவற்றில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கிறார். சிறுநீர் ஏ, பி என்று இரண்டு புட்டிகளில் ஊற்றப்படுகிறது. புட்டியின் எண்ணும் படிவத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று அவரே சரிபார்க்கிறார். தான் எடுத்துக்கொண்ட மருந்துகளை எழுதித் தருகிறார். படிவத்தின் நகல் அவர் கைக்கு வருகிறது. ஏ மாதிரி தவறினால் எழுத்தில் தெரிவிப்பார்கள். பி மாதிரியைத் தன் ஆள் முன்னிலையில் திறக்கும்படி அவர் கேட்கலாம். பிறகு விசாரணை, காரணங்களோடு கூடிய ஆணை, மேல்முறையீடு.

கோமதிக்கு இதெல்லாம் இருந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். அந்த மறுப்பு பதிவானது. அவருடைய மாதிரிகளில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் உறுதியானது. நான்காண்டுத் தடை, 2023 மே மாதத்தோடு முடியும் தேதி குறிக்கப்பட்ட தடை.

சாந்திக்கு என்ன இருந்தது? போட்டி முடிந்தபின் மருத்துவர்கள் முன் நிறுத்தப்பட்டார். என்ன சோதனை, எதற்காக என்று தன்னிடம் யாரும் விளக்கவில்லை என்பது அவர் பேட்டிகளில் தொடர்ந்து சொல்லிவருவது. ஊருக்கு வந்த பிறகு செய்தியாகத்தான் முடிவு அவரை எட்டியது. குற்றச்சாட்டு எழுத்தில் இல்லை, இரண்டாம் மாதிரி இல்லை, விசாரணை இல்லை, தடைக்கு முடிவுத் தேதியும் இல்லை. விளையாட்டுத் தீர்ப்பாயத்தின் விதிப்படி மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 21 நாள் அவகாசம், ஆணை கைக்குக் கிடைத்த நாளிலிருந்து. காரணங்களோடு ஓர் ஆணை கைக்கு வராத பெண் எந்த நாளிலிருந்து எண்ணுவது?

விதியை மீறியதாகத் தீர்க்கப்பட்டவருக்கு ஒரு முழு நடைமுறையும், எந்த விதியையும் மீறாதவருக்கு ஒரு தொலைக்காட்சிச் செய்தியும். பாலினம் பற்றிய கொள்கையில் எந்தப் பக்கம் நிற்பவரும் இதை நியாயம் என்று சொல்ல முடியாது. திருநங்கையரை அனுமதிக்கக் கூடாது என்று உறுதியாக நம்புகிறவரும்கூட.

அதன் பின் நடந்தவற்றைத் தமிழ்நாடு அறியும். அன்றைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் பறிபோன பின்னும் அறிவித்த 15 லட்ச ரூபாயைச் சாந்தியிடம் வழங்கினார். இந்திய விளையாட்டு நிர்வாகத்தில் யாரும் செய்யாத ஒரு காரியம் அது. அதற்கான நன்றி இங்கே பதிவாக வேண்டும். சாந்தி ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு வறுமை. 2012இல் நாளுக்கு 200 ரூபாய்க் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்தார். மதுரையின் சிருஷ்டி அமைப்பை நிறுவிய கோபி ஷங்கர் உள்ளிட்டோர் அவருக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அவரைப் பயிற்சியாளராக நியமித்தது.

7. மதுரைக் கிளையும் ஓர் அரசாணையும்

கோமதி தங்கம் வென்ற அதே 2019 ஏப்ரல் 22 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு வழங்கினார். தூத்துக்குடிக் கோயிலில் நடந்த திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவாளர் பதிய மறுத்த வழக்கு அது. இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்றது தீர்ப்பு. அத்தோடு நிற்காமல், ஊடுபால் குழந்தைகளுக்கு அவர்களுடைய சம்மதமின்றிப் பாலுறுப்பு அறுவை செய்வதைத் தடுக்கும்படியும் அரசைப் பணித்தது. கோபி ஷங்கரின் பணியைத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது: உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, அத்தகைய அறுவைக்குத் தடை.

இதைச் சர்வதேசத் தடகளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, வளரும் நாடுகளின் கிராமங்களிலிருந்து வந்த, 18 முதல் 21 வயதுக்குட்பட்ட நான்கு வீராங்கனைகளைப் பற்றியது. போட்டியில் தொடர வேண்டி அவர்களுக்கு உட்சுரப்பிகள் அகற்றப்பட்டன. பெண்குறியின் ஒரு பகுதியும் வெட்டப்பட்டது. பின்னது ஓட்ட வேகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத உறுப்பு. தமிழ்நாட்டில் பிறந்த குழந்தை மீது கத்தி வைக்க அரசாணை தடை விதிக்கிறது. அதே குழந்தை பதினெட்டு வயதில் உலக ஓடுதளத்துக்குப் போனால், நலமாக இருக்கும் உடலுக்கு மருந்து தின்று ஹார்மோனைக் குறைக்கச் சொன்னார்கள், 2025 வரை. நோயில்லாத உடலுக்கு மருந்தைத் தகுதியாக்கும் எந்த விதியும் விளையாட்டு விதியல்ல. இதில் எனக்குத் தயக்கமில்லை.

இங்கே மற்றொரு தீர்ப்பையும் நினைவுகூர வேண்டும். கரூர் மாவட்டத்தில் பெண் காவலராகத் தேர்வான ஒருவர், மருத்துவச் சோதனையில் திருநங்கை என்று கூறப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தீர்ப்பில் நங்கை என்ற மாற்றுப்பெயரால் அழைக்கப்படும் அவரை மீண்டும் பணியில் சேர்க்கும்படி 2014 ஏப்ரலில் நீதிபதி எஸ். நாகமுத்து உத்தரவிட்டார். பிறந்தது முதல் பெண்ணாக வாழ்ந்து, பெண்ணென்றே சான்றுகள் பெற்ற ஒருவரின் பாலினத்தை ஒரு மருத்துவ அறிக்கை மாற்றிவிட முடியாது என்பது அதன் சாரம். சாந்தியின் வழக்கு எந்த நீதிமன்றத்திலும் இப்படி விசாரிக்கப்பட்டதில்லை. விசாரிக்கப்பட்டிருந்தால் தீர்ப்பு எந்தத் திசையில் போயிருக்கும் என்பதற்கு இதுவே குறி.

8. மாவட்ட மைதானம்

உலகப் போட்டியின் விதியை மாவட்டப் போட்டிக்கு இறக்குவதுதான் இன்றைய ஆபத்து. மதுரை ரேஸ் கோர்ஸ் சாலையில் உள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் குறுவட்ட, மாவட்டப் போட்டிகள் நடக்கும் காலையில் போய்ப் பார்க்கலாம். பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளைகள் பனியனில் எண்ணைக் குத்திக்கொள்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஆதார் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு பிறந்த தேதியை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அவருடைய தலையாய கவலை வயது. பதினான்கு வயதுப் பிரிவில் பதினாறு வயதுப் பிள்ளை வந்துவிட்டதா என்பது. நம் மாவட்டங்களில் நியாயத்துக்கு அன்றாடம் வரும் சோதனை வயது மோசடிதான். அதைப் பிடிக்க ஆவணம் போதும். யாருடைய ஆடையையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

இங்கே திருநங்கையர் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் மைதானத்துக்கே வருவதில்லை. பதின்பருவத்தில் நடையும் குரலும் கேலிக்குள்ளாகி, பள்ளிக் கழிப்பறையில் அடிபட்டு, வீட்டை விட்டு வெளியேறும் வயதும் விளையாட்டுத் திறன் மலரும் வயதும் ஒன்றே. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிலையங்களும் திருநருக்குப் பாகுபாடின்றி விளையாட்டு வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. எந்தப் பிரிவில், எந்த வயதுவரை, எந்த நிலைவரை என்று அது சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தை நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு நிரப்புகின்றன. 2022இல் மாவட்ட ஜூடோப் போட்டியில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ள விண்ணப்பித்த திருநங்கை ஒருவரின் வழக்கில், திருநருக்குத் தனிப் பிரிவு இல்லையென்றால் அவர் தேர்ந்தெடுக்கும் பிரிவில் அனுமதிக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியது.

தனிப் பிரிவு என்பதைப் பலரும் எளிய தீர்வாக முன்வைக்கிறார்கள். திருநருக்கான தனி விளையாட்டு விழாக்கள் நல்லவை. முதல்முறையாக மைதானம் ஏறுபவருக்கு அவை துணிவு தரும். ஆனால் ஒரு மாவட்டத்தில் 800 மீட்டர் ஓட இரண்டு பேர்கூடத் தேறாத பிரிவு போட்டியல்ல. ஒருவரை ஓடுதளத்தில் தனியாக ஓடவிட்டுக் கைதட்டுவதை நான் சேர்த்துக்கொள்ளுதல் என்று ஏற்க மாட்டேன்.

என் நிலைப்பாட்டை மறைக்கத் தேவையில்லை. உலக, ஆசிய, தேசிய இறுதிப் போட்டிகளில், வேகமும் வலிமையும் தீர்மானிக்கும் பிரிவுகளில், ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்தவர்களுக்கு வரம்பு வைப்பதற்கு இன்றுள்ள சான்று இடம் தருகிறது. கபடி, ஜூடோ, மல்யுத்தம் போன்றவற்றில் காயம் பற்றிய கேள்வியும் சேர்கிறது. சான்று மாறினால் அந்த வரம்பும் மாற வேண்டும். பெண்ணாகப் பிறந்து வளர்ந்த ஊடுபால் வீராங்கனைகளை அதே தராசில் வைக்கக் கூடாது. அவர்களுடைய உடல் அவர்களுக்குப் பிறவி தந்தது, உஷாவுக்கு நீண்ட கால்கள் கிடைத்ததைப் போல. பள்ளி, கல்லூரி, மாவட்டப் போட்டிகளில் பாலினச் சோதனை எந்த வடிவிலும் கூடாது. அங்கே ஒரு திருநங்கை மாணவி தான் வாழும் பாலினத்தில் ஓடட்டும். தேர்வுப் போட்டியில் இட ஒதுக்கீட்டுச் சான்றிதழ் பற்றிய தகராறு வந்தால், கூடுதல் சான்றிதழ் ஒன்று தருவதால் மாநிலம் ஏழையாகிவிடாது. ஒரு பெண்ணின் இடத்தைப் பறித்துத்தான் இன்னொருவருக்குத் தர வேண்டும் என்ற நிலையை உருவாக்குவது போட்டியாளர்கள் அல்ல, இடங்களைச் சுருக்கி வைத்திருக்கும் நிர்வாகம்.

உலகப் போட்டிக்குப் போகும் தமிழ்ப் பெண்கள் இனி மரபணுச் சோதனையைத் தவிர்க்க முடியாது. ஆகவே அது மைதானத்தில் முதல்முறையாக அவர்கள் மேல் வந்து விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நமக்கு உண்டு. சோதனை என்ன, முடிவு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தமிழில், எழுத்தில், ஒரு மருத்துவரும் ஒரு வழக்கறிஞரும் விளக்கிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். முடிவு அந்தப் பெண்ணின் கையில் மட்டும் தரப்பட வேண்டும். அதை ஊடகத்துக்குக் கசியவிடும் அதிகாரி பதவியில் நீடிக்கக் கூடாது. மேல்முறையீட்டுச் செலவை அவரை அனுப்பிய சங்கமும் அரசும் ஏற்க வேண்டும். துத்தி சந்துக்கு அந்தத் துணை கிடைத்தது. அதனால்தான் அவர் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வென்று திரும்பினார்.

சாந்தியின் வெள்ளி இன்னும் திரும்பவில்லை. அன்றைய சர்வதேச விதியே அவரைப் போன்றவர்களுக்கு இடம் வைத்திருந்தது என்ற அடிப்படையில், அவருடைய கோப்பைத் திறந்து மறுபரிசீலனை செய்யும்படி ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலுக்குத் தமிழ்நாடு அரசும் இந்திய ஒலிம்பிக் சங்கமும் முறைப்படி எழுத வேண்டும். அந்தப் பதக்கம் சாந்திக்குத் திரும்பிய பிறகும், அவருக்குப் பதிலாக வெள்ளி பெற்ற கசகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவா அதை வைத்துக்கொள்ளலாம். இருவருக்கு ஒரே பதக்கம் என்பது விளையாட்டுக்குப் புதிதல்ல. சாந்தி இன்றும் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுத் தருகிறார். கடிதத்தை அவர் எழுதக் கூடாது. நாம் எழுத வேண்டும்.